பத்தானி அரசியர் பொம்மைகளா?

1584இல் ராஜா ஹிஜாவ் பத்தானியின் அரியணை ஏறினார். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ஆளத் தொடங்கி அப்போது 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹிஜாவுக்குப் பின் அவருடைய தங்கையர் ராஜா பீரு (1616–1624), ராஜா உங்கு (1624–1635), அதன்பின் உங்குவின் மகள் ராஜா கூனிங் என்று, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலாய்த் துறைமுக அரசு பெண்களின் ஆட்சியில் இருந்தது. கூனிங்கின் காலம் முடிவதற்குள் சுமத்ராவின் அச்சேயிலும் ஒரு பெண் முடிசூடினார். அங்கே 1641 முதல் 1699 வரை நான்கு அரசியர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர்.

இந்த எட்டுப் பேரையும் பற்றி நெடுங்காலமாக நிலவும் கருத்து ஒன்றுண்டு. ஓராங் காயா எனப்பட்ட செல்வப் பிரபுக்கள் தங்கள் வணிகம் தடையின்றி நடப்பதற்காகச் சாதுவான பெண்களைத் தேடிப்பிடித்து அரியணையில் அமர்த்தினார்கள். அரசியர் திரைக்குப் பின்னே அலங்காரமாக இருந்தார்கள். ஆட்சியைப் பிரபுக்களே நடத்தினார்கள் என்பது அந்தக் கருத்து. எலிசபெத் தம் காலத்தின் விதிவிலக்கு என்றும், அரசியலை அறிந்து ஆண்ட பெண் ஐரோப்பாவுக்கே உரியவர் என்றும் எண்ணுவது அதன் மறுபக்கம். இரண்டும் தவறு. ஆங்கில அரசியரை அளக்க ஓர் அளவுகோலும் மலாய் அரசியரை அளக்க இன்னோர் அளவுகோலும் வைத்துக்கொண்டதால் வந்த தவறு அது.

கருத்து பிறந்த இடம்

பொம்மை அரசி என்ற சித்திரம் மலாய் ஏடுகளிலிருந்து வரவில்லை. அதை வரைந்தவர்கள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேக்கு வந்துபோன ஆங்கிலக் கடலோடிகளும் வணிகர்களும். அவர்களில் அதிகம் படிக்கப்பட்டவர் வில்லியம் டாம்பியர். பன்னிரண்டு பிரபுக்களே நாட்டை ஆள்கிறார்கள், அரசி அரண்மனைக்குள் கைதிபோல் இருக்கிறார் என்ற தோற்றத்தை அவருடைய பயணக் குறிப்பு தந்தது. ஆனால் அவர் அச்சேயில் இருந்தது 1688இல். பத்தாண்டு ஆண்ட ராணி ஸகியத்துதீன் இறந்து, அடுத்து யார் என்ற பூசல் நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. மன்னர் இறந்து அடுத்தவர் நிலைபெறாத இடைவெளியில் எந்த நாட்டிலும் அமைச்சர்களின் கைதான் ஓங்கும். அந்தச் சில மாதங்களின் காட்சியை 58 ஆண்டு ஆட்சிக்கும், பிறகு கடல் தாண்டிப் பத்தானிக்கும் பொதுவாக்கியது பின்வந்தவர்களின் வேலை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கருத்துக்கு நாகரிகமான வடிவம் கிடைத்தது. தென்கிழக்காசிய வரலாற்றறிஞர் ஆண்டனி ரீட், வணிகத்தால் வாழ்ந்த பிரபுக்கள் ஆண் மன்னர்களின் கொடுங்கோன்மைக்கு அஞ்சிப் பெண்ணாட்சியை விரும்பினர் என்று எழுதினார். பெண்களை இழிவுபடுத்தும் நோக்கம் அதில் இல்லை. சொல்லப்போனால், பெண்ணாட்சி வணிகத்துக்கு நன்மை செய்தது என்ற பாராட்டே இருக்கிறது. ஆயினும் தேர்ந்தெடுத்தவர், திட்டமிட்டவர், பயன்பெற்றவர் எல்லாரும் பிரபுக்களாகவே அதில் வருகிறார்கள். அரசி செய்தது என்ன என்ற கேள்வி எழுவதே இல்லை. அண்மைக் காலத்தில் பத்தானி பற்றி ஸ்டீபன் அமிரெல்லும் அச்சே பற்றி ஷேர் பானு கானும் டச்சு, ஆங்கில, மலாய் ஆவணங்களை மீண்டும் வரிவரியாகப் படித்து அந்தக் கேள்வியை எழுப்பியிருக்கிறார்கள். பாடநூலும் பொதுப்பேச்சும் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

கிள்ளான் பள்ளத்தாக்கின் நினைவில் உள்ள அரசியர்

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரையுள்ள தமிழ் வாசகருக்கு அரசி என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் வேறு. கோலாலம்பூரில் 1893இல் தொடங்கிய விக்டோரியா இன்ஸ்டிடியூஷன், விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டித் திரட்டிய நிதியிலிருந்து எழுந்தது. அதன் தொடக்ககால அறங்காவலர்களில் ஒருவர் மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை. நகரில் அடுத்தடுத்துத் தோன்றிய ஆங்கிலப் பள்ளிகள் வழியாக இங்கிலாந்தின் வரலாறும் அதன் அரசியரின் பெயர்களும் இங்கே வீடுதோறும் அறிமுகமாயின. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை திரட்டியபோது அதற்கு ஜான்சி ராணியின் பெயர் வந்தது. கோலாலம்பூரின் ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், அந்தப் படையில் அதிகாரியாக உயர்ந்தார். தோட்டப்புறத் தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். மதுரை ராணி மங்கம்மாளை நா. பார்த்தசாரதியின் நாவல் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கிள்ளானின் அரசு மருத்துவமனைக்குத் தெங்கு அம்புவான் ரஹிமாவின் பெயர். அது சுல்தானின் துணைவியாருக்குச் செய்த மரியாதை.

லண்டனும் ஜான்சியும் மதுரையும் தெரிந்த இந்தப் பட்டியலில், தீபகற்பத்தின் வடகிழக்கில் ஆண்ட ராஜா ஹிஜாவ் இல்லை. தொலைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. கிள்ளான், சிலாங்கூர் ஆற்றுமுகங்கள் அன்று ஜொகூரின் ஆட்சிப்பரப்பில் இருந்தன. அந்த ஜொகூர் அரச குடும்பத்தில்தான் ராஜா கூனிங்குக்கு மணம் நடந்தது. 1766இல் ராஜா லுமுவுக்குச் சிலாங்கூர் சுல்தானாகப் பட்டம் சூட்டியவர் பேராக் சுல்தான் மகமூது ஷா. அந்தப் பேராக் அதற்கு நூறாண்டு முன்பு அச்சே அரசியின் மேலாட்சியை ஏற்றிருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அரசியல் முன்வரலாற்றில் இந்த அரசியருக்கு நேரடி இடம் உண்டு. இடம் கிடைக்காததற்குக் காரணம், அவர்கள் ஆளவில்லை என்று முன்கூட்டியே முடிவு கட்டியதுதான்.

அளவுகோல்: டியூடர் அரசியர்

ஓர் அரசி உண்மையில் ஆண்டாரா என்று பார்க்க, எல்லாரும் ஒப்புக்கொண்ட எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். இங்கிலாந்தில் முதலாம் மேரியும் அவர் தங்கை எலிசபெத்தும் அரியணை ஏறியது ஆண் வாரிசு தீர்ந்துபோனதால். தம்பி ஆறாம் எட்வர்ட் 15 வயதில் 1553இல் இறந்தார். பிரபு ஒருவர் தம் வசதிக்காகப் பெண்ணை அரியணையில் ஏற்றிய நிகழ்ச்சியும் அந்த ஆண்டிலேயே நடந்தது: நார்தம்பர்லாந்து பிரபு தம் மருமகள் ஜேன் கிரேயை அரசியாக அறிவித்தார். ஒன்பது நாளில் அது கவிழ்ந்தது. மேரி படை திரட்டி லண்டனுக்குள் நுழைந்தார். பெண் ஆட்சியாளருக்கும் ஆண் மன்னருக்கு உள்ள அதிகாரம் முழுவதும் உண்டு என்று 1554இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது மேரியின் காலத்தில். நான்கு ஆண்டு கழித்து வந்த எலிசபெத் நின்றது அந்தச் சட்டத்தின்மேல். அவர் அரியணை ஏறிய ஆண்டான 1558இல்தான் ஜான் நாக்ஸ், பெண்ணாட்சி இயற்கைக்கே எதிரானது என்று நூல் வெளியிட்டார்.

எலிசபெத் தனியாக ஆளவில்லை. நாற்பது ஆண்டுக்காலம் வில்லியம் செசில் அவருக்குத் தலைமை அமைச்சர். மணம் செய்துகொள்ள வேண்டும், வாரிசைக் காட்ட வேண்டும் என்று 1563இலும் 1566இலும் நாடாளுமன்றம் நெருக்கியது. 1587இல் ஸ்காட்லாந்து அரசி மேரியின் மரண ஆணையில் கையெழுத்திட்டுவிட்டு, அதை அனுப்பிய செயலாளர் டேவிசன்மேல் பழியைப் போட்டார். 1601இல் ஏகபோக உரிமைகளை எதிர்த்து நாடாளுமன்றம் கொதித்தபோது விட்டுக்கொடுத்தார். வரலாற்றாசிரியர்கள் இவற்றை அரசியின் பலவீனமாக எழுதுவதில்லை. சாதுரியம், காலம் தாழ்த்தும் கலை, அவையோடு இசைந்து ஆளும் திறன் என்கிறார்கள். அது சரியான மதிப்பீடு. அவையைக் கலந்து ஆள்வது அதிகாரம் இல்லாமையின் அடையாளம் அன்று. ஆனால் இதையே பத்தானி அரசியும் அச்சே அரசியும் செய்தால் பிரபுக்களின் கைப்பாவை என்கிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்ற கதைதான்.

ராஜா ஹிஜாவ்: தேர்வும் ஆட்சியும்

பத்தானியில் பெண்ணாட்சி வந்த வழியைப் பார்த்தால், பிரபுக்கள் சாதுவான பெண்ணைத் தேடினார்கள் என்ற கதை நிற்காது. சுல்தான் மன்சூர் ஷாவுக்குப் பின் வந்த இளம் சுல்தானை 1573இல் மாற்றாந்தாய் மகன் கொன்றார். அடுத்துவந்த சுல்தான் பகதூரையும் 1584இல் இன்னொரு மாற்றாந்தாய் மகன் கொன்றார். உடன்பிறந்தார் கொலையில் ஆண் வாரிசுகள் அழிந்தபின் மன்சூர் ஷாவின் மூத்த மகள் அரியணை ஏறினார். அரச குருதியும் மூத்தவர் என்ற தகுதியும் அவருக்கு இருந்தன. லண்டனில் மேரிக்கும் எலிசபெத்துக்கும் கதவு திறந்ததும் இதே வழியில்தான்.

சாதுவானவர் என்று யாரேனும் நினைத்திருந்தால் அந்த நினைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆட்சியின் தொடக்கத்தில் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், ஆட்களோடு அரண்மனைக்கு வந்தார். அரியணையைப் பறிக்கும் நோக்கம் என்று நகரமே நடுங்கியது. ‘ஹிக்காயாத் பத்தானி’ என்ற மலாய் ஏடு அந்தக் காட்சியை விவரிக்கிறது. அரசி வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கவில்லை. வெளியே வந்து அவர் முன் நின்றார். தம் மேலிருந்த துகிலை எடுத்து அவரை நோக்கி வீசினார். பெண்டஹாரா அதைப் பற்றித் தலையில் கட்டிக்கொண்டு, வணங்கி, வந்த வழியே திரும்பிப் போனார். அரசர் அளிக்கும் ஆடையை ஏற்பது அடிபணிவதற்கு அடையாளம் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆயுதம் தாங்கி வந்தவரைப் பலர் பார்க்கத் தம் பணியாளராக மாற்றியது அந்த ஒரு செய்கை. ஏட்டில் கதை சற்று மெருகேறியிருக்கலாம். எலிசபெத் 1588இல் டில்பரியில் படையின் முன் தோன்றிய கதையும் மெருகேறியதுதான். அதைக் காரணம் காட்டி எவரும் எலிசபெத்தைப் பொம்மை என்பதில்லை.

அவருடைய ஆட்சியை வெளியார் எப்படிப் பார்த்தனர் என்பதற்கும் சான்று உண்டு. 1601இன் இறுதியில் வந்த டச்சுத் தளபதி யாக்கப் வான் நெக், முந்தைய மன்னரின் காலத்தைவிட மக்கள் இந்த ஆட்சியையே விரும்பினர் என்றும், மன்னரின் கடுமையான வசூல்கள் நீங்கியதால் பொருள்களின் விலை வெகுவாகக் குறைந்திருந்தது என்றும் எழுதினார். 1602இல் டச்சுக்காரர்களும் 1612இல் ஆங்கிலேயரும் அங்கே பண்டகசாலை தொடங்கினர். ஆங்கிலேயரின் ‘குளோப்’ கப்பலில் வந்த பீட்டர் புளோரிஸ், அறுபது வயதை ஒட்டிய, உயரமான, கம்பீரம் நிறைந்த அரசியைத் தம் நாட்குறிப்பில் காட்டுகிறார். அதே கப்பல் முந்தைய ஆண்டு பழவேற்காட்டில் நங்கூரமிட்டபோது அந்தத் துறைமுகத்தின் நிர்வாகத்தில் கொண்டம்மா என்ற பெண் அதிகாரி இருந்தார். ஒரே பயணத்தில் சோழமண்டலக் கரையிலும் மலாய்க் கரையிலும் பெண்களிடம் அனுமதி கேட்டு நின்றவர் புளோரிஸ். அவருக்கு விதிவிலக்காகத் தோன்றியிருக்க இடமில்லாதது பிற்காலத்தாருக்கு விதிவிலக்காகத் தோன்றியது.

புளோரிஸ் பதிவுசெய்த இன்னொரு நிகழ்ச்சி அரசியின் அதிகாரத்தின் அளவைக் காட்டும். தங்கை உங்கு பகாங் சுல்தானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருமுறைகூடப் பிறந்தகம் வரவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த ஹிஜாவ், பகாங்குக்கு அரிசி ஏற்றிச்சென்ற கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார், கடற்படையையும் அனுப்பினார். 1613இல் பகாங் சுல்தானே மனைவியோடும் பிள்ளைகளோடும் பத்தானிக்கு வந்துசேர்ந்தார். அரிசிக் கப்பல்களை மறித்தால் வணிகம் பாதிக்கும். வணிகம் தடையின்றி நடப்பதற்காகவே பிரபுக்கள் வைத்திருந்த பொம்மை, தங்கையைப் பார்ப்பதற்காக அந்த வணிகத்தையே நிறுத்தியது எப்படி? இந்தக் கேள்விக்குப் பழைய கருத்திடம் விடையில்லை.

ராஜா உங்கு: சயாமை எதிர்த்த போர்

பெண்ணாட்சி என்றால் அமைதியாட்சி என்பது பொம்மைக் கருத்தின் இன்னொரு தூண். ராஜா உங்கு அதை உடைக்கிறார். பகாங் சுல்தான் இறந்தபின் பத்தானி திரும்பி, 1624இல் அரியணை ஏறிய உங்கு, சயாமின் மேலாண்மையை வெளிப்படையாக மறுத்தார். சயாம் வழங்கிய பட்டப்பெயரைக் கைவிட்டார். பிரசாத் தோங் 1629இல் சயாமின் தலைநகர் அயூத்தியாவில் அரியணையைக் கைப்பற்றியபோது அவரை முறையான மன்னராக ஏற்க மறுத்து, பொன்மலர்த் திறையை நிறுத்தினார். சயாம் பிரபுவுக்கு மணமாகியிருந்த தம் மகள் கூனிங்கை ஜொகூர் அரச குடும்பத்தவருக்கு மணமுடித்தார். ஒரே மணத்தில் ஓர் உறவு அறுந்து இன்னோர் உறவு இறுகியது. பத்தானிப் படைகள் சயாமின் தென் மாநிலங்களுக்குள் புகுந்தன.

1634இல் சயாமின் பெரும்படை பத்தானிமேல் வந்தது. டச்சுக்காரர்கள் சயாமுக்குக் கப்பல் அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தனர். அவை வந்து சேர்வதற்குள் முற்றுகை தோற்றுப் படை திரும்பிவிட்டது. டச்சுக் கப்பல்கள் தாமதித்ததால் பத்தானி பிழைத்தது என்று இதற்கு எளிதாகக் காரணம் சொல்வதுண்டு. 1588இல் ஸ்பெயினின் ஆர்மடாவைச் சிதறடித்ததில் புயலுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வெற்றி எலிசபெத்தின் பெயரில் எழுதப்பட்டது. காற்று உதவினால் ஆங்கில அரசியின் வெற்றி, கப்பல் தாமதித்தால் மலாய் அரசியின் அதிர்ஷ்டம் என்று எழுதுவது வரலாறு ஆகாது. உங்கு 1635இல் இறந்தார். அடுத்து வந்த கூனிங் மறு ஆண்டே சயாமோடு சமாதானம் செய்துகொண்டார். தாய் போரிட்டதும் மகள் சமாதானம் செய்ததும் இருவேறு கொள்கைகள். கொள்கை அரசிக்கு அரசி மாறியிருக்கிறது என்றால், அரியணையில் இருந்தவர் யார் என்பது பொருட்படுத்த வேண்டிய செய்திதான்.

அச்சே: நகையும் ஈயமும் செங்கல்லும்

அச்சேயின் முதல் அரசி சபியத்துதீன் தாஜுல் ஆலம் (1641–1675), பேரரசர் இஸ்கந்தர் மூடாவின் மகள்; இஸ்கந்தர் தானியின் மனைவி. கணவர் இறந்து அவர் ஆட்சிக்கு வந்த அதே ஆண்டில் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றினர். நீரிணையில் புதிதாகத் தோன்றிய அந்த வல்லரசு முதலில் அவர் வாசலுக்குக் கொண்டுவந்தது நகைப்பெட்டி. கணவர் உயிரோடிருந்தபோது டச்சுக் கம்பெனியிடம் விலையுயர்ந்த மணிகளுக்குச் சொல்லிவைத்திருந்தார். அவை வந்து சேர்ந்தபோது அவர் இல்லை. சொன்ன விலையைத் தரவேண்டும் என்று கம்பெனித் தூதர்கள் நின்றார்கள். வாங்கினால் கருவூலம் காலியாகும். மறுத்தால் மலாக்காவைப் பிடித்தவர்களின் பகை வரும். சபியத்துதீன் இரண்டையும் செய்யவில்லை. மணிகளைப் பிரபுக்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டார், தரத்தில் குறை சொல்லவைத்தார், விலையைக் குறைக்கச் சொன்னார், பேரத்தை நீட்டினார். பிரபுக்களைக் கலந்ததால் அவர் அவர்களுக்கு அடங்கியவர் என்று படிப்பது, செசிலைக் கலந்ததால் எலிசபெத் செசிலுக்கு அடங்கியவர் என்று படிப்பதற்கு ஒப்பானது.

அடுத்தது பேராக்கின் ஈயம். அதைத் தாங்கள் மட்டுமே வாங்க வேண்டும் என்பது டச்சுக்காரர்களின் நோக்கம். 1650 உடன்படிக்கையில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. அச்சே தன் பங்கையும் பேராக்மேல் தன் மேலாண்மையையும் காத்துக்கொண்டது. மறு ஆண்டு பேராக்கின் டச்சுப் பண்டகசாலை தாக்கப்பட்டு அங்கிருந்தோர் கொல்லப்பட்டனர். பகை முற்றி, அச்சேத் துறைமுகத்தை டச்சுக் கப்பல்கள் மறித்தன. 1659இல் மீண்டும் உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தக் காலம் முழுவதும் இந்திய வணிகர்களின் கப்பல்கள் சோழமண்டலத் துணியோடு அச்சேக்கு வந்தன. யானைகளை ஏற்றிக்கொண்டு திரும்பின. மலாக்காவில் டச்சுக்காரர்களின் அனுமதிச்சீட்டுக்குக் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு அச்சே திறந்த துறைமுகமாக இருந்தது. மலாய்த் தீவுக்கூட்டத்தின் பல துறைமுகங்கள் டச்சுக்காரர்களிடம் வீழ்ந்த நூற்றாண்டில் அச்சே தன்னாட்சியோடு நின்றது இந்த அரசியரின் காலத்தில்.

மூன்றாவது அரசி ஸகியத்துதீனிடம் 1684இல் சென்னைக் கோட்டையிலிருந்து இரு தூதர்கள் வந்தனர். அச்சேயில் கோட்டை கட்ட இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சென்னை ஆளுநர் அரண்மனையைப் பொன்னால் நிரப்பினாலும் செங்கல்லால் கோட்டையோ வீடோ கட்ட இசைய முடியாது, மரமும் பலகையும் கொண்டு பண்டகசாலை கட்டிக்கொள்ளலாம் என்பது அரசி சொன்ன விடை. செங்கல் கட்டடம் நாளை பீரங்கி மேடையாகும் என்பதை அவர் அறிந்திருக்கலாம்; சென்னைப்பட்டினத்தில் நடந்தது அதுதானே. ஆங்கிலேயர் மறு ஆண்டு பெங்கூலனில் இடம் பிடித்துக்கொண்டனர். அச்சேயில் அவர்களுக்குக் கோட்டை அமையவில்லை. வில்லியம் மார்ஸ்டன் எழுதிய சுமத்ரா வரலாற்றில் இந்தத் தூது இடம்பெற்றிருக்கிறது. கூடவே ஒரு செய்தியும் உண்டு: அரசியின் குரல் வலுவாக இருந்ததால், பெண் உடையில் இருப்பது ஓர் அலியோ என்று தூதர்கள் ஐயுற்றார்கள். உறுதியான மறுப்பு பெண்ணிடமிருந்து வரும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. அதிகாரம் இல்லாதபோது பொம்மை, அதிகாரம் தெரிந்தபோது பெண்ணே அல்லர் என்பதுதான் அந்தப் பார்வையின் தருக்கம். அதைச் சான்றாக வைத்து வரலாறு எழுதக் கூடாது.

திரையும் ஓவியமும்

அச்சே அரசி தூதர்களைத் திரைக்குப் பின்னிருந்து சந்தித்தார் என்பது அடிக்கடி காட்டப்படும் சான்று. திரை அதிகாரத்தை மறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். எலிசபெத்தின் அரண்மனையிலும் கூடத்துக்கு அடுத்துக் கூடம் என்று வாயில்கள் இருந்தன. உள்ளறை வரை செல்ல அனுமதி பெற்றவர் சிலரே. தம் உருவம் மக்கள் கண்ணில் எப்படிப் படவேண்டும் என்பதிலும் அவருடைய அரசு கவனமாக இருந்தது. 1563இலேயே அரசியின் ஓவியங்களைக் கட்டுப்படுத்த ஆணை ஒன்று வரையப்பட்டது. அறுபத்தைந்தைத் தாண்டியபின் தீட்டிய ‘வானவில் ஓவியத்தில்’ அவருக்கு இளம்பெண்ணின் முகம். அங்கியெங்கும் கண்களும் செவிகளும். அதுவும் ஒரு திரைதான். துணிக்குப் பதில் வண்ணம்.

மலாய் அரசியரின் பொதுத்தோற்றம் வேறு ஊடகங்களில் உருவானது. ஹிஜாவ் நூற்றுக்கணக்கான படகுகள் சூழ வேட்டைக்குப் புறப்பட்டதைப் புளோரிஸ் பார்த்தார். அச்சே அரசியர் தங்கள் பெயரில் பொற்காசு வெளியிட்டனர். இஸ்லாமிய அரசில் காசில் பெயர் பொறிப்பது இறையாண்மையின் முதன்மை அடையாளங்களில் ஒன்று. சபியத்துதீனின் வேண்டுகோளில் அறிஞர் அப்துர்ரவூப் சிங்கில் மலாய் மொழியில் சட்டநூல் எழுதினார். ஓவியச் சட்டத்துக்குள் முகம் இல்லை என்பதற்காக அரசிக்கு உருவமே இல்லை என்று முடிவு கட்டுவது, ஓவியம் தீட்டும் வழக்கம் இருந்த நாட்டின் கண்ணாடியை மற்ற நாடுகளுக்கும் மாட்டுவது.

எதிர்வாதங்கள்

அரசியரின் காலத்தில் அச்சே சுருங்கியது என்பது முதல் எதிர்வாதம். சுருங்கியது உண்மை. ஆனால் அச்சேயின் கடற்படை அழிந்தது 1629இல், மலாக்காமேல் படையெடுத்துத் தோற்றபோது. அந்தப் படையை அனுப்பியவர் இஸ்கந்தர் மூடா. வீர மன்னர் இழந்த கப்பல்களுக்கு அவர் மகள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா அரசியரும் வலிமையானவர்களா என்பது இரண்டாவது. இல்லை. அச்சேயில் மூன்றே ஆண்டு ஆண்ட நகியத்துதீனும் கடைசி அரசி கமாலத் ஷாவும் சபியத்துதீனுக்கு ஈடானவர்கள் அல்லர். பத்தானியில் கூனிங்குக்குப் பின் கிளந்தான் மரபிலிருந்து வந்த அரசியர் காலத்தில் அதிகாரம் தேய்ந்தது. மன்னர்களிலும் வலியவரும் மெலியவரும் உண்டு. மெலிந்த மன்னரைக் கண்டு ஆண்களே ஆளத் தகுதியற்றவர்கள் என்று எவரும் எழுதுவதில்லை. அரசியருக்கும் அந்த நியாயம் உண்டு.

அரசியருக்கு வாரிசு இல்லை, ஆகவே பிரபுக்களுக்கு வசதி என்பது மூன்றாவது. எலிசபெத்துக்கும் வாரிசு இல்லை. அதை அவர் நாற்பது ஆண்டு ஆயுதமாகவே பயன்படுத்தினார் என்று பாராட்டும் நூல்கள் ஏராளம். பத்தானியில் உங்குவுக்கு மகள் இருந்தார். அவரே அடுத்து ஆண்டார்.

மதம் தடுத்தது என்பது நான்காவது. பெண்ணாட்சி கூடாது என்று மக்காவிலிருந்து வந்ததாகக் கூறப்பட்ட கடிதத்தைக் காட்டி 1699இல் கமாலத் ஷாவை இறக்கியது உண்மை. ஆனால் அதே மதத்தின் அறிஞர்கள் சூழ, அதே நாட்டில் 58 ஆண்டு பெண்கள் ஆண்டதும் உண்மை. கடிதம் வேலை செய்தது அரசியல் வலிமை மாறியபோது. மதுரையில் அதே ஆண்டுகளில் ராணி மங்கம்மாள் (1689–1706) பேரனுக்காக ஆண்டார். முகலாயருக்குத் திறை கட்டிப் போரைத் தவிர்த்தார். திருவிதாங்கூர்மேலும் தஞ்சைமேலும் படை அனுப்பினார். தமிழ் மரபு அவரைச் சாலையும் சத்திரமும் அமைத்த புண்ணியவதியாகவே நினைவில் வைத்திருக்கிறது. மதம் வேறு, மொழி வேறு. அரசியின் அரசியலைக் கழித்துவிட்டு அறத்தையோ அழகையோ மட்டும் நினைவில் நிறுத்தும் பழக்கம் ஒன்றே.

தீர்ப்பு

பத்தானியில் ஹிஜாவுக்கு முன் இரு சுல்தான்கள் உறவினர் கையால் மாண்டனர். அதன்பின் நான்கு பெண்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்டனர். அச்சேயில் நான்கு அரசியர் 58 ஆண்டு ஆண்டனர். பெண்ணாட்சி கூடாது என்று முடிவானபின் 1727 வரையிலான 28 ஆண்டுகளில் ஐந்து சுல்தான்கள் மாறினர். அவையோடு கலந்து ஆண்டதும் திரைக்குப் பின் அமர்ந்ததும் இந்த அரசியரின் ஆட்சிமுறை. போர் தொடுத்தது, திறை மறுத்தது, வணிகத்தை மறித்தது, கோட்டைக்கு இடம் மறுத்தது எல்லாம் அவர்களின் முடிவுகள். எலிசபெத்தை ஆட்சியாளர் என்று எழுதும் பாடநூல், ராஜா ஹிஜாவையும் ராஜா உங்குவையும் சபியத்துதீனையும் ஸகியத்துதீனையும் அதே சொல்லால் எழுத வேண்டும்.